மூடியோட குடுத்த வாளி

கக்கூஸ் குழி இறைக்கிற தொழில்ல, குழி நிரம்புற வரைக்கும் எங்களை ஒருத்தருக்கும் தெரியாது, நிரம்பின பிறகு அரை மணித்தியாலம் பிந்தினா நாங்க ஊர்த் துரோகிகள். வீட்டுக்கு வீடு போய் வேலை செய்யிற மோட்டர்காரர், ஏசிக்காரர், பெயின்ட்காரர் எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் விளங்கும்.

குழி இறைக்கிற எங்கட டாங்கி லொறி, பவுசர், புத்தளம் தில்லையடியில நிக்குது. நானும் டிரைவர் அந்தோனி அண்ணனும்தான் ஆட்கள். போன வருசம் சிலாபம் பக்கமிருந்து புதுப் பவுசர் ஒண்டு புத்தளத்துக்கு வந்திட்டுது. பெரிய டாங்கி, புதுப் பெயின்ட், பேஸ்புக்கில விளம்பரம். எங்கட போன் அடிக்கிறது குறைஞ்சுபோச்சு. இப்பிடியே போனா நோன்புப் பெருநாளோட பவுசரை வித்திடுவம் எண்டு முடிவெடுத்தன். வண்ணாத்திவில்லில ஒருத்தர் வாங்கவும் தயாரா இருந்தார். அந்தோனி அண்ணனிட்டயும் சொன்னன். திரும்ப மீன்பிடி வள்ளத்துக்குப் போற வயசில்லை அவருக்கு. எனக்குக் கவலையா இருந்தது அதுதான். கடைசியா ஒருக்கா, எங்கட பேரையும் நம்பரையும் அடிச்சு அன்பளிப்புக் குடுத்துப் பாப்பம் எண்டு இறங்கினன்.

கலண்டர்

மேல மாதம், கீழ எங்கட பவுசரின் படம். பழைய வாடிக்கைக்கார டீச்சர் ராத்தா ஒராள், ரெண்டு கையாலயும் வாங்கிக்கொண்டு உள்ள போனா. எனக்குச் சந்தோசம் தாங்கேல்ல.

பிறகு அவட குழி இறைக்கப் போன நேரம் பாத்தா, கலண்டர் குசினிச் சுவரில தொங்குது, கீழ்ப்பாதியைக் காணேல்ல. கத்தரிக்கோலால நேரா, வடிவா வெட்டியிருந்தா. நான் பாத்ததை அவவும் கண்டிட்டா.

“கோவிக்காதீங்க தம்பி, எங்களுக்கு நாளும் கிழமையும் வேணும், சாப்பிடுற இடத்தில உங்கட வண்டிதான் வேணாம்.”

டீக் கோப்பை

சரி, படம்தான் பிழை எண்டு, வெறும் எழுத்தில தமிழிலயும் சிங்களத்திலயும் பேரை அடிச்சு டீக் கோப்பை செய்தம். ஆலங்குடாவில கடற்கரையோட ரூம் வாடகைக்கு விடுற ஒரு ஐயாவுக்கு ஒரு பெட்டியே குடுத்தன். அங்க காத்தில பட்டம் கட்டிக் கடல்ல ஓடுற வெள்ளைக்காரர் வந்து தங்குவாங்க. அவ்வளவு ஆட்கள் வந்து போற இடம், குழி சும்மாவா இருக்கும்?

ஒரு போன் கோலும் வரேல்ல. அந்தப் பக்கம் போனபோது கோப்பை என்னாச்சு எண்டு கேட்டன். ஐயா நல்ல சந்தோசமாத்தான் சொன்னார்.

“வெள்ளைக்காரர் அதிலதான் கோப்பி குடிக்கிறாங்க தம்பி, போட்டோவும் எடுக்கிறாங்க, வாசிக்கத் தெரிஞ்ச ஆள் வந்தா மட்டும் அலுமாரியில வச்சுப் பூட்டிடுவன்.”

தொப்பி

இது அந்தோனி அண்ணனின் யோசனை. கற்பிட்டிக் கரையில மீன்பிடிக்கப் போற சொந்தக்காரர் அவருக்கு நிறைய. வெயிலுக்கு நல்ல தொப்பி எண்டு அடிபட்டு வாங்கினாங்க, இன்னும் இருக்கா எண்டும் கேட்டாங்க. நான் போனைப் பாத்துக்கொண்டு இருந்தன். போனும் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தது.

ஏன் அண்ணன் ஒருத்தரும் கூப்பிடேல்ல எண்டு கேட்டன். அவர் சிரிக்கவும் இல்லை.

“கரைக்கு வந்ததும் கழட்டிப்போடுறாங்க தம்பி, எங்கட நம்பர் இப்ப மீனுக்கு மட்டும்தான் தெரியும்.”

வாளி

இதெல்லாத்தையும் கேட்ட என்ட வீட்டுக்காரி, “குழி நிரம்பினா ஆள் முதல்ல எதைப் பாப்பான்? கக்கூஸில இருக்கிற தண்ணி வாளியைத்தானே? அதில அடிங்க” எண்டா. எனக்கு ஏன் இது முதலே தோணேல்ல எண்டு என்னையே ஏசிக்கொண்டு டவுனுக்கு ஓடினன்.

கடைக்காரர் காட்டினது மூடியுள்ள வெள்ளை வாளி. நல்ல தடிப்பு. கக்கூஸ் வாளிக்கு எதுக்கு மூடி எண்டு நான் யோசிக்கேல்ல, பிழைச்சது அதிலதான். ‘கக்கூஸ் குழி இறைக்கப்படும்’ எண்டு பெரிய சிவப்பு எழுத்தில அடிச்சு, கீழ நம்பரையும் போட்டு, நோன்புக்குக் கொஞ்சம் முந்தித் தெருத்தெருவாக் குடுத்தம். முகம் சுளிக்காம வாங்கினாங்க. ஒரு உம்மா மட்டும் மூடியைக் கழட்டிப் பூட்டிப் பாத்திட்டுக் கேட்டா:

“இவ்வளவு நல்ல வாளியை ஆரு மகன் கக்கூஸில வைப்பாங்க?”

கஞ்சி வரிசை

நோன்பு துவங்கினதும் விளங்கிச்சு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி குடுப்பாங்க, வீட்டுக்கு ஒராள் பாத்திரத்தோட வரிசையில நிப்பாங்க. நான் போய்ப் பாத்தா, வரிசை நெடுக வெள்ளை வாளி. சிந்தாம கொண்டுபோக மூடியும் இருக்கே! கஞ்சி ஊத்துறவர் அகப்பையைத் தூக்கினவர் அப்பிடியே நிக்கிறார். சில பேர் சிரிக்கிறாங்க, சில பேருக்குச் சரியான கோவம். நான் தூணுக்குப் பின்னால ஒளிச்சன். வெட்கத்தில செத்துப்போனன். பவுசர் போச்சு, இனி ஊரில தலை காட்டவும் ஏலாது எண்டு நினைச்சன்.

கஞ்சி ஊத்துறவர் ஒரு வழி சொன்னார்.

“வாளி புதுசுதான் தம்பிமார், ஆனா இந்த எழுத்தை வாசிச்சுக்கொண்டு என்னால ஊத்தேலாது, எழுத்தைப் பின்னால திருப்பிப் பிடிங்க.”

ஹாஜியாரின் கோல்

திருப்பிப் பிடிச்சாங்க. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும், பின்னால நிண்டவங்க எல்லாரும் முன்னால நிண்டவரின் வாளியைத்தான் வாசிச்சுக்கொண்டு நிண்டாங்க. கஞ்சி வர நேரமெடுக்கும், வேற வாசிக்க ஒண்டும் இல்லை.

நோன்பு பாதியில பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் கோல் எடுத்தார். ஏசத்தான் எண்டு எழும்பி நிண்டு கதைச்சன். பள்ளிக் குழி நிரம்பிட்டுதாம், தராவீஹ் இரவுத் தொழுகைக்குச் சனம் கூட. பெரிய பவுசர் பள்ளிக்குப் போற ஒடுக்கமான ஒழுங்கையால வராதாம், எங்கட சின்னது வரும். “நம்பர் ஆரும் தரேல்ல, வரிசையில நிண்டே பாடமாப்போச்சு” எண்டார். நாங்க இறைச்சு முடியமுந்தியே அந்த ஒழுங்கையில மூண்டு வீட்டுக்காரர் வந்து பக்கத்தில நிண்டாங்க. பெருநாள் வரைக்கும் போன் ஓயேல்ல.

வண்ணாத்திவில்லுக்காரருக்குப் பவுசர் விக்கேல்ல எண்டு சொல்லிட்டு, அதை அந்தோனி அண்ணனுக்கும் சொன்னன். அவர் குழாயைக் கழுவிக்கொண்டு இருந்தார். தண்ணியை நிப்பாட்டினார், முகத்தைச் சாரத்தால துடைச்சார்.

“அப்ப நாளைக்கு எத்தினை மணிக்கு வரோணும் தம்பி?”

ஆக, அன்பளிப்புக் குடுத்து வாடிக்கை பிடிக்க நினைக்கிற சகோதரர்களே, நீங்க எதுக்குக் குடுத்தீங்களோ அதைத் தவிர மற்ற எல்லாத்துக்கும் சனம் அதைப் பாவிக்கும், அதால பொருள் எதுவாயிருந்தாலும் பரவாயில்லை, மை மட்டும் கழுவினாலும் போகாத மையா இருக்கட்டும்.