ஏழாவது நாற்காலி

ஞானபாக்கியத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய இடது காலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு இது பிடிக்காது. "ஏன், எனக்கு மூஞ்சின்னு ஒண்ணு இல்லியா?" என்பாள். இருக்கிறது. களையான முகம், எடுப்பான மூக்கு, எதிரில் இருப்பவரை நேராகப் பார்க்கிற கண். ஆனால் ராஜபாளையத்துத் தெருவில் எதிரே வருகிறவர்கள் முதலில் அவள் காலைப் பார்ப்பார்கள். பிறகு பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். முகம் வரைக்கும் வந்தவர்கள் குறைவு.

பிறந்தது தேவதானம். பத்தொன்பது வயதில் குளிர் காய்ச்சல் வந்தது, தொடையிடுக்கில் நெறி கட்டியது. முப்பது வயதுக்குள் முழங்காலுக்குக் கீழே எல்லாம் தடித்து, கணுக்கால் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, பார்த்தவர்கள் யானைக்கால் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. கொசு கொண்டுவரும் நோய் அது. தொட்டால் ஒட்டாது. இதை எந்தச் சுவரில் எழுதி வைத்தாலும் நம்ம ஜனங்கள் படிப்பார்களா? டவுன் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாக இருக்கும், ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

கணவன் நூல் மில்லில் வேலை பார்த்தவன். அவளுடைய காலைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் சொல்லாத மனிதன். நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆயிற்று. பிள்ளை இல்லை. அவள் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் காஸ் துணி மடித்து பாக்கெட் போடுகிறாள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ யாருடைய புண்ணுக்கோ போகிற துணி. மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கருத்தம்மாவோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மடிப்பாள்.

வேதக்கோயிலில் அவளுக்கு என்று ஓர் இடம் இருந்தது. கடைசி பெஞ்சு, வாசலை ஒட்டின ஓரம். திருவிருந்து அப்பம் எடுக்க எல்லோரும் வரிசையாகப் போய்த் திரும்பிய பிறகு, கடைசி ஆளாக, சேலையைத் தரையில் புரள விட்டுக்கொண்டு அவள் போவாள். இருபது வருஷமாக அப்படித்தான். கடைசியில் வா என்று யாரும் சொன்னதில்லை. முன்னால் வா என்றும் யாரும் சொன்னதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு காலில் சீழ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கோதைநாயகி என்று ஒரு நர்ஸ், ஆண்டாள் கோயில் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறவள். அவள் ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துவந்து, ஞானபாக்கியத்தின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சோப்பைக் கையில் நுரைத்து மடிப்பு மடிப்பாகத் தேய்த்தாள். ஒவ்வொரு விரலையும் பிரித்து இடுக்கில் கழுவினாள். பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தாள். "இடுக்குல ஈரம் நின்னா அங்கதான் புண்ணாகும். தினமும் இப்படிக் கழுவணும், ஒருநாள் விடக் கூடாது. கேட்டேளா?" என்றாள்.

கணவனுக்குப் பிறகு அந்தக் காலை இன்னொரு ஆள் தொட்டது அன்றைக்குத்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஞானபாக்கியம் அழுதாள். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் அழுகை நின்று கோபம் வந்தது. ஞானஸ்நானம் வாங்கி, திடப்படுத்தல் வாங்கி, இருபது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், என் சபையில் ஒரு ஆளுக்கு இது தோன்றவில்லையே என்று கோபம்.

அதற்குப் பிறகு தினமும் கழுவினாள். புண் ஆறியது, வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திருவிருந்துக்கு எழுந்திருக்கிற வரிசையில் எழுந்தாள். சிலர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இவளுக்குக் காலை நீட்ட வசதியாகப் போயிற்று.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் புதிதாக வந்த போதகர் புதன்கிழமை தோறும் சீஷத்துவத்தை, அதாவது ஆண்டவருக்குச் சீடராக இருப்பதைப் பற்றிப் பேசினார். கடைசிக்கு முந்தின புதனன்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கால் கழுவியதை நினைக்கிற பெரிய வியாழக்கிழமை ஆராதனையில் போதகர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவது இந்தச் சபை வழக்கம். அந்தப் பன்னிரண்டு பேரும் கமிட்டிக்காரர்களாகவும் அவர்கள் மச்சான்மாராகவும் இருப்பதும் வழக்கம். வீட்டிலேயே காலைத் தேய்த்துக் குளித்து, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வருவார்கள். போதகர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துண்டால் தொடுவார். போட்டோ எடுப்பார்கள். இனி அப்படி இல்லை என்றார் புதியவர். சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு பேர். முதல் ஆளுக்கு மட்டும் அவர் கழுவுவார். முதல் ஆள் இரண்டாவது ஆளுக்கு, இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்கு. ஒருவருக்கொருவர் கழுவுங்கள் என்றுதானே ஆண்டவர் சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டார்.

சீட்டு அங்கேயே குலுக்கினார்கள். ஆறாவது பெயர் சபைச் செயலர் பால்பாண்டி. ஏழாவது பெயர் ஞானபாக்கியம்.

மறுநாளே பால்பாண்டி அவள் வீட்டுக்கு வந்துவிட்டார். சொந்தமாக பேண்டேஜ் யூனிட் வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. நீ அன்னைக்குச் செத்த நேரம் உடம்புக்கு முடியலைன்னு சொல்லிட்டா போதும். வேற ஆளைப் போட்டுக்குவோம்" என்றார்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி."

"உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். யூட்யூப்ல லைவ் போகுது. வெளிநாட்டுல இருந்தெல்லாம் பாக்காக. உன் காலை எல்லாரும் பாத்தா உனக்குத்தான சங்கடம்?"

அவள் சிரித்துவிட்டாள். "பன்னெண்டு வருஷம் உதிரம் போன பொம்பள, கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு வந்து ஆண்டவரு துணி ஓரத்தைத் தொட்டாள்ல. சொகமானதும் நைசா நழுவப் பாத்தா. அவரு விட்டாரா? யாரு என்னைத் தொட்டதுன்னு நின்னுட்டாரு. எல்லாருக்கும் முன்னால அவளை வரவச்சுட்டுத்தான் அங்கிட்டு நகந்தாரு. எனக்கென்னமோ அவரு ஒளிச்சு வைக்கிற ஆளாத் தெரியலை அண்ணாச்சி."

பால்பாண்டியின் முகம் கடுத்தது. "பேச நல்லாத்தான் இருக்கும். முதல்ல காலைச் சொகப்படுத்து. பொறவு வந்து முன்னால உக்காரு, யாரு வேண்டாங்கா?"

"ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க. குஷ்டரோகி ஒருத்தன் அவரு முன்னால வந்து விழுந்தான்ல. அவனைச் சொஸ்தமாக்கிட்டுத் தொட்டாரா, தொட்டுச் சொஸ்தமாக்குனாரா?"

செயலருக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவர்தான். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"முதல்ல தொட்டாரு" என்றாள் அவள், அவர் முதுகைப் பார்த்து. "நீங்க எல்லாரும் முதல்ல சொகமாகச் சொல்லுதீக. ஆண்டாள் கோயில் தெருக்காரி ஒருத்தி அவரைப் பத்திப் படிக்காமலே செஞ்சுட்டா. நீங்க தினமும் படிக்கீக."

தான் வரலாமா கூடாதா என்று போதகரிடம் போய்க் கேட்டாள். அவருக்குச் சின்ன வயசு. கமிட்டி அவரை ஏற்கெனவே கூப்பிட்டுப் பேசியிருந்தது அவர் கண்ணிலேயே தெரிந்தது. "சீட்டு விழுந்தது விழுந்ததுதாம்மா. ஏழாவது நாற்காலி உங்களுக்குப் போட்டிருப்பேன். உக்காருறதும் உக்காராததும் உங்க கையில" என்றார். இவ்வளவுதான் தைரியம், ஆனால் அந்த ஆளுக்கு அதுவே பெரிது.

உண்மையைச் சொன்னால் அவளுக்கும் பயம்தான். மேசையில் துணி மடித்துக்கொண்டே கருத்தம்மாவிடம் சொன்னாள்: "அந்தச் செயலரு வராம இருந்துட்டா என்ன செய்ய? நான் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், எதுத்தாப்ல ஆள் இல்ல. அம்புட்டுப் பேரும் பாப்பாக. அதுக்கப்புறம் அந்தக் கோயிலுக்குள்ள நான் எந்த மூஞ்சியோட போறது?"

"ஏட்டி, நீ உக்காரு. ஆளு வரலைன்னா நான் வந்து கழுவுதேன். எங்க மாரியாத்தா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா" என்றாள் கருத்தம்மா. பெரிய வியாழன் மாலை அவளும் கூடவே வந்து, பழைய கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஞானபாக்கியம் யூனிட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். தினம் இரண்டு வேளை காலைக் கழுவுகிறவள் அன்றைக்கு வேண்டுமென்றே கழுவவில்லை. கழுவப் போகிற காலைக் கழுவிக்கொண்டு போவது யாரை ஏமாற்ற? விரல் இடுக்கெல்லாம் பஞ்சுத் தூசி. மற்ற பதினொரு ஜோடிக் கால்களும் பளபளவென்று இருந்தன.

பால்பாண்டி வந்திருந்தார். ஐந்தாவது ஆளான ஒரு வாத்தியார் அவருக்குக் கழுவி முடித்தார். செயலர் எழுந்தார், இடுப்பில் துண்டைக் கட்டினார், சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்தார். நிதானமாக ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டார். ஏதோ பெரிய உத்தியைக் கண்டுபிடித்த மாதிரி முகத்தில் ஒரு நிம்மதி. ஆராதனையும் நடக்கும், கையும் பிழைக்கும். பிறகு ஞானபாக்கியத்தின் முன்னால் முழங்காலிட்டு, செம்பைத் தூக்கினார்.

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீட்டு தங்கச்சி" என்றார் அடங்கின குரலில்.

"கையில போட்டிருக்கிறதைக் கழட்டுங்க."

"இது சுத்தத்துக்குத்தான். டாக்டர்மாரு போடலியா?"

"டாக்டருக்கு நான் நோயாளி. உங்களுக்கு நான் யாரு?"

பாட்டு பாதியில் நின்றது. போதகர் ஓரடி எடுத்து வைத்து, அப்படியே நின்றுவிட்டார். ஞானபாக்கியம் இழுத்த காலை நகர்த்தாமல் சொன்னாள்: "ஆண்டவரு கழுவ வந்தப்போ பேதுரு, நீங்க எனக்குக் கழுவக் கூடாதுன்னு காலை இழுத்தான். கூச்சத்துல இழுத்தான். நான் கூச்சத்துல இழுக்கல அண்ணாச்சி. எங்கூட உங்களுக்குப் பங்கு இல்லைன்னா அதை வெளிப்படையாச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உறை போட்டுக்கிட்டு என் காலைத் தொட்டேன்னு மட்டும் சொல்லாதீக."

பால்பாண்டி சபையைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்விடலாம். போனால் இருநூறு பேர் பார்க்கிறார்கள், கேமராவும் பார்க்கிறது. கழற்றினாலும் அவர்கள்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று சபையில் இன்றைக்கும் வாதம் நடக்கிறது. ஐந்து நிமிஷம் என்பவர்கள் உண்டு. கருத்தம்மாவைக் கேட்டால் ஒரு பாக்கெட் மடிக்கிற நேரம்தான் என்பாள்.

வலது கை உறையைக் கழற்றினார்.

"ரெண்டும்" என்றாள்.

இரண்டாவதையும் கழற்றித் தரையில் வைத்தார். அவள் காலை நீட்டினாள். தண்ணீர் விழுந்தது. அவர் விரல் நுனியால் மேலாகத் தடவிவிட்டுத் துண்டை எடுக்கப் போனார்.

"இடுக்குல தூசி இருக்கு பாருங்க. விரலைப் பிரிச்சுக் கழுவணும்."

பிரித்தார். முதல் விரலைப் பிரிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது விரலுக்குக் கண் திறந்திருந்தது, ஏனென்றால் மூடிக்கொண்டு அந்தப் பஞ்சை எடுக்க முடியாது. கணுக்கால் மடிப்பைத் தூக்கி அதற்கு அடியிலும் தண்ணீர் விடச் சொன்னாள், விட்டார். துண்டை எடுத்து அழுத்தித் தேய்த்தார். ஒற்றி எடுக்க வேண்டும் என்றாள், ஒற்றினார். பெரிய மனிதர் ஒருவர் அவ்வளவு பேர் முன்னால் ஒரு வேலைக்காரியிடம் வேலை பழகுவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்படி ரசித்ததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வலது காலையும் முடித்துவிட்டு அவர் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தார். முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா தங்கச்சி?" என்றார்.

"எங்க முடிஞ்சுது?" என்றாள் ஞானபாக்கியம். "இது வருஷத்துக்கு ஒரு நாள் கழுவுற காலு இல்ல அண்ணாச்சி. தினமும் கழுவணும்."

சொல்லிவிட்டு, துண்டுக்காக அவரிடம் கையை நீட்டினாள். எட்டாவது நாற்காலியில் ஆள் காத்திருந்தது.