மீன் கடிக்காத நாள்

சனிக்கிழமை காலையில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தூண்டில் வாங்க வருவதில்லை. டெல்பர்ட் ரானிங் தொலைக்காட்சியைத் திட்டுவதைக் கேட்க வருகிறார்கள். தூண்டில் இரைக்கு அட்டைப்பூச்சி, மண்புழு, உயிருள்ள சின்ன மீன், பிறகு காபி, இவ்வளவுதான் என் வியாபாரம். சின்ன மீன் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு டிவி. அதற்கு நேர் எதிரே டெல்பர்ட்டின் சக்கர நாற்காலி. அந்த இடத்தில் வேறு யாரும் நிற்பதில்லை.

அவன் என் வயதுக்காரன். மினசோட்டாவின் வடக்குக் காடுகளிலிருந்து மரம் ஏற்றி வரும் லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவன். சர்க்கரை நோய் அவனுடைய ஒரு காலை வாங்கிக்கொண்டது. பிறகு இதயமும் தகராறு செய்தது. இனிமேல் படகு கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த கோடையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது, டெல்பர்ட்டுக்கும்தான்.

கரையில் அவனுக்கு வாய் ஓயாது. படகில் ஏறினால் ஒரு வார்த்தை வராது. அவன் மனைவி ஆர்லிஸை அவன் முதன்முதலில் வெளியே அழைத்துப் போனதே ஏரிக்குத்தான். அன்று ஒரு மீனும் கடிக்கவில்லை, அவனும் பேசவில்லை. பொழுது சாய்ந்து கரைக்கு வந்ததும், "அடுத்த வாரமும் வர்றியா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். அவளும் போனாள். எங்கள் ஊரில் கல்யாணங்கள் அப்படித்தான் நடக்கும்.

டிவியில் மீன்பிடி நிகழ்ச்சி தொடங்கியதும் அவனுக்குச் சுருதி ஏறிவிடும்.

"பாரு, இப்பதான் தூண்டிலப் போட்டான், அதுக்குள்ள மாட்டிக்கிச்சாம். எவ்வளவு நேரம் உக்காந்திருந்த, அதச் சொல்லுடா முதல்ல. ஒரே மீன மூணு பக்கத்திலேருந்து காட்டுறான், எங்களுக்குத் தெரியாதுன்னு நெனப்பு. முத்தம் வேற குடுக்கிறான். கட்டினவளுக்குக் குடுத்திருப்பானான்னு தெரியல."

"டெல், டிவிக்குக் காது கேக்காது" என்று யாராவது சீண்டுவார்கள்.

"உனக்குக் கேக்குதில்ல, அது போதும்."

ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு நானே கேட்டேன். "சரி, வேற என்னதான் காட்டணுங்கற?"

"கடிக்காத நாளக் காட்டட்டும். கடிக்கலேன்னா அவன் என்ன பண்றான்? இடத்த மாத்துறானா, இரைய மாத்துறானா, இல்ல வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கானா? அதப் பாக்கணும். காத்து திரும்புறதப் பாக்கணும். மீன் புடிக்கிறது எனக்குத் தெரியும், அத எதுக்கு நான் பாக்கணும்?" கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தான். "என்னால இனிமே அங்க போயி உக்கார முடியாது, மார்வா. அவங்க உக்காந்தாங்கன்னா, நானும் கூட உக்காந்த மாதிரி இருக்கும்."

அவனிடம் அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. காபி ஊற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரமே நிகழ்ச்சிக்காரர்களுக்கு ஃபோன் போட்டான். எங்கள் ஏரிக்கு வாருங்கள், ஒரு நாள் முழுக்க எடுங்கள், கடித்தாலும் கடிக்காவிட்டாலும் அப்படியே காட்டுங்கள் என்றான். ஆச்சரியம், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பரில் ஒரு வண்டி வந்து என் கடை வாசலில் நின்றது. அதிலிருந்து கோல்பி ராஃபர்ட்டி இறங்கினான். டிவியில் மீனுக்கு முத்தம் கொடுக்கிறவன் அவன்தான். ஜார்ஜியா பக்கத்துக்காரன். நேரில் பார்த்தால் பல் இன்னும் வெள்ளை.

டெல்பர்ட் அவனிடம் இரண்டே விஷயம் கேட்டான். "ஒண்ணு, கரையக் காட்டாத. மரங்களப் பாத்தா அது எந்த எடம்னு தெரிஞ்சுடும், அடுத்த வாரம் சிகாகோக்காரன் பூரா அங்க நிப்பான். ரெண்டாவது, நேரத்தக் காட்டு. அத மட்டும் வெட்டாத."

கோல்பி அவன் தோளில் தட்டினான். "கவலையே படாதீங்க, சார். நாள் பூரா கேமரா ஓடும்."

ஓடத்தான் செய்தது. அதில் பொய் இல்லை.

படகை ஓட்டிப் போனது ஆர்லிஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், அகலமான தோள், அதிர்ந்து பேசாதவள். அன்று மேற்குக் காற்று. காலையில் ஒன்றும் இல்லை, மதியமும் இல்லை. கோல்பி இரையை மாற்றினான், தொப்பியை மாற்றினான், பிறகு ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டான். ஆர்லிஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் அவள் தூண்டிலில் ஒரு வால்ஐ மீன் மாட்டியது. அந்த வருஷத்தில் யாரும் அவ்வளவு பெரியதைப் பார்க்கவில்லை. கரைக்கு எடுத்து வரும் எண்ணமே அவளுக்கு இல்லை, தண்ணீரில் விடத்தான் குனிந்தாள். கோல்பி கையை நீட்டித் தடுத்தான்.

"ஒரு நிமிஷம். இத என் தூண்டில்ல மாட்டி, நான் இழுக்கிற மாதிரி ஒரு தடவ எடுத்துக்கலாமா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அது வித்தியாசமாத்தான் இருக்கும்" என்றாள் ஆர்லிஸ்.

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்கு ஊதா நிறம் அடித்தால் வித்தியாசமாக இருக்கிறது என்போம். விருந்தில் ஒரு பண்டத்தை வாயில் வைக்க முடியாவிட்டாலும் வித்தியாசமாக இருக்கிறது என்போம். இதற்கு மேல் கடுமையான சொல் எங்களிடம் கிடையாது. காது கேட்கிற எவனும் அந்த இடத்தில் கையை எடுத்திருப்பான்.

"அதேதான், வித்தியாசமா இருக்கும்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, மீனின் வாயில் தன் தூண்டிலைக் கோர்த்தான் அந்தப் பாவி.

ஒரு தடவை என்றவன் பல தடவை இழுத்தான். வெளிச்சம் சரியில்லையாம், சிரிப்பு சரியில்லையாம். கடைசியில் விட்டபோது மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

மறுநாள் காலை ஆர்லிஸ் கடைக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். "முடியாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

"சொன்னேனே, வித்தியாசமா இருக்கும்னு. அதுக்கு மேல ஒரு விருந்தாளிகிட்ட என்ன சொல்ல முடியும்?" அவள் கண் கலங்கியிருந்தது. "டெல்லுக்குச் சொல்லிடாத. மீன் எப்படிப் போனா என்ன, அந்த நாள் பூரா கேமராவுல இருக்கு. அதத்தான கேட்டான்."

அந்த நம்பிக்கையில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நிகழ்ச்சி வந்தது ஜனவரியில். அதற்குள் ஏரி உறைந்துவிட்டது, டெல்பர்ட் பாதியாக இளைத்துவிட்டான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அன்று கடையில் நிற்க இடமில்லை. ஆர்லிஸ் ஒரு தட்டு நிறைய மான் இறைச்சி சாசேஜ் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். டெல்பர்ட் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

கிதார் இசை. கோல்பியின் பல். தூண்டில் விளம்பரம். மறுபடி கோல்பி. தூண்டிலைப் போடுகிறான், வளைகிறது, கத்துகிறான், மீன் வருகிறது. ஆர்லிஸின் மீன். அதை முன்னால், பின்னால், மெதுவாக ஓடவிட்டு எல்லாம் காட்டினார்கள். நடுவில் ஒரு கை வலையை நீட்டியது, அது ஆர்லிஸின் சட்டைக் கை. அவ்வளவுதான் அவள். மேற்குக் காற்று இல்லை, மதியம் இல்லை, காத்திருப்பு இல்லை. "இந்த ஏரி எனக்குப் பொறுமையைக் கத்துக்குடுத்துச்சு" என்று சொல்லி மீனுக்கு முத்தம் கொடுத்தான். கரையை மட்டும் காட்டவில்லை. டெல்பர்ட் கேட்ட இரண்டில், அவர்களுக்கு நோகாத ஒன்றை மதித்துவிட்டார்கள்.

டெல்பர்ட் திட்டவில்லை. நான் போய் டிவியை அணைத்தேன்.

"அது உன் மீன்தானே?" என்று ஆர்லிஸைக் கேட்டான்.

"ம்."

"ஏன் குடுத்த?"

"குடுக்கல. வித்தியாசமா இருக்கும்னு சொன்னேன்."

கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் அந்த இடத்தில் அதே வார்த்தைதான் வந்திருக்கும்.

"அவன் எந்த ஊர்க்காரன், அவனுக்கு நம்ம பேச்சு என்ன புரியும்" என்றான் டெல்பர்ட். அவள்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. "மீன் போகட்டும், விடு. மிச்சம் எங்க? நாள் பூரா எடுத்தான்ல. மார்வா, நீ கேட்டு வாங்கிக் குடுப்பியா? டிவியில போடலேன்னா போகட்டும். எனக்கு மட்டும் குடுக்கச் சொல்லு."

திங்கட்கிழமை ஃபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். குரலில் தேன் வழிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஓ, அந்த நிகழ்ச்சியா மேடம்? ரொம்பப் பேருக்குப் பிடிச்சிருந்தது. மிச்சத்துல ஒண்ணுமே இல்லையே. வெறும் தண்ணி, அந்தம்மா சும்மா உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். இடத்த அடைக்குதுன்னு அப்பவே அழிச்சுட்டோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கருத்துக்கு நன்றி" என்றாள். ஃபோனை ஓங்கி வைத்ததில் அதன் தாங்கி உடைந்தது. இன்னும் ஒட்டுப்போட்டுத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுற்றிவளைக்க எனக்கு வராது. ஒன்றும் இல்லை என்று அழித்துவிட்டார்களாம் என்றேன்.

டெல்பர்ட்டின் முகம் சிவந்தது. எழுந்து நிற்கப் பார்த்தான், கால் இல்லாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தவன் மாதிரி மறுபடி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது.

"ஆர்லிஸ், நீ சொல்லு" என்றான். "காலையிலேருந்து சொல்லு."

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். பேச்சுப் பழகாதவள். "மேக்குக் காத்து. நடுப்பாறைக்குப் போனோம். கிழக்கால நங்கூரம் போட்டேன்."

"மேக்குக் காத்துல கிழக்காலயா? எத்தன வருஷமாச் சொல்லிக் குடுத்தேன்? எவனாவது கிழக்கால போடுவானா?"

"அலை அந்தப் பக்கம்தான் தள்ளிச்சு."

"அப்ப மோட்டாரத் திருப்பணும். கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

இவ்வளவு வருஷத்தில் ஆர்லிஸ் அவனை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று அவளுக்கும் பொங்கிவிட்டது. "நீ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் வெடுக்கென்று.

சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து கோட்டைத் தேடினேன்.

டெல்பர்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதத்தான பாக்கணும்னு கேட்டேன்" என்றான்.