ஏரிக்கரையில் தட்டிய டின்

நாங்கள் குடியிருக்கும் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர்தான் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. கல்யாண ஊர்வலம்கூடக் கரையை நெருங்கும்போது மேளத்தை நிறுத்திவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான்.

எழுபத்து நான்கில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாற்றலாகி இங்கே வந்ததும் என் மகளுக்கு ஏரிப் பைத்தியம் பிடித்துவிட்டது. பதின்மூன்று வயது. பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டுக் கரைக்கு ஓடுவாள். நத்தைகுத்தி நாரை ஒன்று வெயிலில் தன் குஞ்சுகளுக்குச் சிறகு விரித்து நிழல் கொடுப்பதைச் சாப்பாட்டு வேளையில் தாவணியை விரித்து நடித்துக் காட்டுவாள். அவள் அப்பா சிரிப்பார். என்னால் முடியாது. சதுரங்கப்பட்டினத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உப்பங்கழியிலிருந்து தூக்கி வந்ததைப் பார்த்தவள் நான். தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று சொல்லாத நாளில்லை.

"பாக்கத்தானேம்மா போறேன், குளிக்கவா போறேன்?" என்பாள்.

சென்ற மாசியில் ஒரு மாலை ரேஷன் கடையில் வெகுநேரம் நின்றேன். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்றார்கள். காலி டின்னோடு கரை வழியாகத் திரும்பும்போது, தண்ணீர் ஓரம் அவளுடைய ரப்பர் செருப்பு கிடந்தது. அவளைக் காணோம்.

கூப்பிட்டேன். பறவைகளின் இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை. ஒரு கல்லை எடுத்து டின்னைத் தட்டினேன்.

ஏரியிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒரேயடியாக எழுந்தன. குஞ்சுகள் கூட்டில் தனியாகக் கத்தின. பார்த்துக்கொண்டேதான் தட்டினேன். முதலில் காக்கைகள் வந்தன. பிறகு பருந்துகள். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

"நிறுத்தும்மா! நிறுத்து!"

கோரைக்குள்ளிருந்து மகள் சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். செருப்புச் சத்தத்துக்குப் பறவை மிரளும் என்று கழற்றி வைத்திருக்கிறாள். கட்டிக்கொண்டேன். அவள் திமிறித் திரும்பி மரத்தைப் பார்த்தாள். ஒரு பருந்து அவள் தினமும் பார்த்துவந்த கூட்டிலிருந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது.

வயலில் இருந்தவர்கள் கரையேறி வந்துவிட்டார்கள்.

"இன்னா டீச்சரம்மா இது? எழவு வூட்லயே நாங்க மோளம் தட்றதில்ல. நீ இன்னாடான்னா டின்ன தட்டிகினு கீற!" என்றார் ஒரு பெரியவர்.

"பொண்ணக் காணோம்னு..."

"காணோம்னா எங்கள கூப்டு, ஊரே வந்து தேடும். வெடி வெடிக்காதீங்கடான்னு எம்புள்ளைக்கு நீதான பாடம் எடுத்த? நல்லா எடுத்த போ!"

புல்லுக்கட்டோடு நின்ற பெண் குறுக்கே வந்தாள். "வுடு அண்ணாத்த. பெத்த வயிறு, பதறாதா?"

எனக்காகத்தான் சொன்னாள். தலைக்கு மேலே இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்த நாரைகளுக்கு எதிரே அந்த வார்த்தையைக் கேட்க எனக்குக் கூசியது.

மறுநாள் வகுப்பில் பின் வரிசையில் யாரோ பலகையை டொக் டொக்கென்று தட்ட, எல்லோரும் சிரித்தார்கள். யாரென்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மகள் அன்றோடு ஏரிக்குப் போவதை விட்டுவிட்டாள். பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து, என் கண்ணெதிரே உட்கார்ந்து படிக்கிறாள். ஒருநாள், "ஏரிக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. நீ தேடுவ."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இந்த மாசியும் பாதி போய்விட்டது. புதிதாகக் குஞ்சு பொரித்திருக்கிறதாம். பயப்பட மாட்டேன், போய்ப் பார்த்துவிட்டு வா என்று நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். தினமும் மாலையில் நாக்கு நுனிவரை வருகிறது. சொன்னால் போய்விடுவாளே என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.