இரண்டு பத்திரிகைகள்

அப்பா ஒரு கட்சி. என் மாமனார் அதற்கு நேர் எதிர். பெண் பார்க்க வந்த அன்று இருவரும் மழையைப் பற்றி மட்டுமே பேசியதால் கல்யாணம் நடந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஏரியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எனக்கு, அந்த வீட்டில் கிடைத்த முதல் வேலை பத்திரிகை வாசிப்பது. மாமனாருக்குப் பார்வை மங்கியிருந்தது. பென்னாகரத்திலிருந்து வரும் காலை பஸ்ஸில் அவருடைய கட்சிப் பத்திரிகை வந்திறங்கும். நான் சத்தமாக வாசிப்பேன், அவர் தலையாட்டுவார். அவர் மனைவி, என் அத்தை, மொச்சை உரித்தபடி கேட்பார்.

முதல் மாதம் ஒவ்வொரு வரியும் அப்பாவைத் திட்டுவதுபோல் கசந்தது. ஆறே மாதத்தில் அதே வரிகளை ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். பிறந்த வீட்டுக்குப் போனபோது, "உங்க ஆளுங்க செய்யறது சரியில்லப்பா" என்று அப்பாவிடமே சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

தேர்தல் நெருங்கிய சமயம், அப்பா எங்களைப் பார்க்க வந்தார். பஸ்ஸில் படித்த தன் பத்திரிகையைக் கட்டிலில் போட்டுவிட்டு, என் வீட்டுக்காரரோடு விதைத்திருந்த காட்டைப் பார்க்கப் போனார். நான் வழக்கம்போல் மாமனாருக்கு வாசித்தேன். முந்தாநாள் பென்னாகரத்தில் நடந்த அவருடைய கட்சிக் கூட்டத்துக்கு மக்கள் வெள்ளமெனத் திரண்டார்களாம்.

"உங்கப்பா பேப்பருல என்ன போட்டிருக்குது? அதையும் படி" என்றார் அத்தை.

தயங்கித் தயங்கிப் படித்தேன். ஆளில்லாத பந்தலில் தலைவர் பேசினார் என்றிருந்தது.

"பொய்யி! அத்தனையும் பொய்யி!" மாமனார் எழுந்துவிட்டார்.

"ரெண்டுமே பொய்தானுங்க" என்றார் அத்தை. "அன்னிக்கு சந்தைக்குப் போனவ நானு. மழ புடிச்சிக்கிச்சி. சந்தை சனம் மொத்தமும் பந்தலுக்குள்ள ஓடுனோம். மழ விட்டதும் வூட்டுக்கு வந்துட்டோம்."

"என்ன பேசுனாங்கன்னாவது கேட்டியா?"

"தகரத்து மேல மழ கொட்டறப்ப என்னங்க கேக்கும்?"

முறைத்துக்கொண்டிருந்த மாமனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் உள்ளுக்குள் வெட்கம். முதலில் அப்பாவின் வாயால் பேசினேன், பிறகு மாமனாரின் பத்திரிகையால். அத்தையைப்போல நானாக ஒன்றையும் பார்த்துச் சொன்னதில்லை.

அதுவரை அந்த வீட்டின் ஓட்டெல்லாம் மாமனார் சொன்ன சின்னத்துக்குத்தான் விழும். அந்தத் தேர்தலன்று ஓட்டுச்சாவடியைவிட்டு வெளியே வந்ததும் அவர் அத்தையிடம் கேட்டார்: "யாருக்குப் போட்ட?"

"ரகசியம்னு உள்ள இருக்கற ஆபீசரு சொன்னாருங்களே!"

ஒரு வாரம் அவர் விடவில்லை. கடைசியில் சந்தையிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்து கேட்டார். அத்தை பூவைத் தலையில் வைத்துக்கொண்டார். பதில் மட்டும் சொல்லவில்லை.