பெரியப்பாவின் துப்பாக்கி கெட்டுப்போன வருஷம்

ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வராத காலம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் பெரியப்பாவிடம் லைசென்ஸ் வாங்கிய ரைஃபிள் ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே வேர்க்கடலைக் கொல்லை. காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி. பன்றிகள் செம்பரம்பாக்கம் ஏரி தாண்டி ஓடிவிட்டதாக நான் பள்ளிக்கூடத்தில் அளப்பேன். ஊரிலேயே பெரிய ஆள் பெரியப்பாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த வருஷம் கடலை பிஞ்சு விட்டிருந்த நேரத்தில், பெரியப்பாவின் மகளான அக்கா பிரசவத்துக்கு வந்தாள். அவளுடைய முதல் குழந்தை தங்கவில்லை. இதுவும் எட்டாம் மாதமே பிறந்துவிட்டது. ஒரு தட்டு விழுந்தாலே அதற்கு உடம்பு தூக்கிப்போடும், மூச்சடைத்து முகம் நீலம் பாரிக்கும். வீடே கிசுகிசுவென்று பேசியது. பன்றிகளுக்கு அதெல்லாம் தெரியுமா, வழக்கம்போல் வந்தன.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. குன்றத்தூர் கொட்டகையில் பார்த்த படத்தில் வில்லன் துப்பாக்கி முனையில் ஒரு குழாயைத் திருகுவான், சத்தமே வராது. அதை வாங்கச் சொன்னேன். பெரியப்பா சிரிக்கவில்லை. பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல் விளக்கினார். அதற்குப் பெயர் சைலன்சராம். துப்பாக்கிக்குத் தகுந்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும், உள்ளே கரி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அப்படியும் தோட்டா காற்றைக் கிழிக்கிற சத்தம் போகாது, எல்லாவற்றுக்கும் மேல் சர்க்கார் விடாது.

"சினிமாலதான்டி கண்ணு அது ஊமையாவும்," என்றார்.

அதற்குப் பிறகு துப்பாக்கி வெடிக்கவே இல்லை. இருட்டியதும் அரிக்கேன் விளக்கும் தடியுமாகக் கொல்லைக்குப் போவார். விடிந்ததும் சிவந்த கண்ணோடும் காலெல்லாம் முள் கீறலோடும் திரும்புவார். வந்து உட்கார்ந்து, சுடாத துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். எனக்கு மானமே போயிற்று. பள்ளிக்கூடத்தில் என்னவென்று சொல்வது? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பெரிப்பா, துப்பாக்கி கெட்டுப்பூச்சா?"

அவர் தூளியைப் பார்த்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாண்டி கண்ணு. கொழந்த கொஞ்சம் தேறட்டும், சரியாப்பூடும்."

குழந்தை தேறுவதற்கும் துப்பாக்கி ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் பெரியப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் தூளியை விலக்கி எட்டிப் பார்ப்பேன், துப்பாக்கி சரியாகிவிட்டதா என்று.