மூன்று கொட்டேஷன் மாமா

என் அக்கா தாட்சாயிணியின் புருஷன் கலியமூர்த்தியை எனக்குப் பிடிக்காது. மாமா என்று கூப்பிடுவேன். அது வாய் மரியாதை. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில், சாமான் கொள்முதல் செய்யும் பிரிவில் வேலை. அங்கே எது வாங்கினாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்க வேண்டும், எவன் ரேட்டு கம்மியோ அவனுக்கு ஆர்டர். சர்க்காருக்கு அது சரி. இந்த மனிதர் அந்த விதியைக் குவார்ட்டர்ஸுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பொங்கல் கரும்புக்கு மூன்று இடத்தில் விலை கேட்பார். அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது மூன்று பல் டாக்டர்களிடம் விசாரித்து, கம்மியாகக் கேட்டவரிடம் அழைத்துப் போனார். அந்த ஆள் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டான். வெறும் கஞ்சன் என்றால்கூட மன்னித்துவிடலாம். கஞ்சனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாவது இருக்கும். இவருக்குத் தான் செய்வது நியாயம் என்ற நினைப்பு. அதுதான் எனக்கு எரிச்சல்.

அக்கா நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டில் இருந்தபோதே தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்பும் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வெளியே வேலைக்குப் போக மாமா விடவில்லை. அதனால் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து டைப் அடித்துக் கொடுத்தாள். பட்டாபிராமில் ஒரு பள்ளிக்கூடம் பரீட்சைக் கேள்வித்தாள் எல்லாவற்றையும் அவளிடம்தான் கொடுக்கும். தன் கையில், தன் காசு என்று அவள் வைத்திருந்தது அந்த வருமானம் ஒன்றைத்தான்.

அந்தக் கம்ப்யூட்டரும் மாமா மூன்று கொட்டேஷன் பார்த்து, பாரிவாக்கத்தில் வீட்டிலேயே வியாபாரம் செய்த ஜெயராமனிடம் வாங்கியதுதான். வெயில் காலத்தில் தானாக அணைந்துவிடும். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு அக்கா வியர்வையில் உட்கார்ந்து அடிப்பாள். ஒவ்வொரு முறையும் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாரிவாக்கத்துக்கு அலைந்தவன் நான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தொண்ணூற்றெட்டில், அரையாண்டுப் பரீட்சை நெருங்கும்போது, கணக்குக் கேள்வித்தாளையும் விழுங்கிவிட்டு அது ஒரேயடியாகச் செத்தது. தெரிந்தவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கெஞ்சி உட்கார்ந்து அக்கா எல்லாவற்றையும் மறுபடி அடித்துக் கொடுத்தாள். இன்னொரு தடவை தாமதமானால் வேலை பூந்தமல்லியில் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா தானாகவே அம்பத்தூருக்குப் போய், மணவாளன் என்பவர் கடையில் ஒரு மெஷினைப் பார்த்துவிட்டு வந்தாள். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் கெட்டுப்போனால் ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஒரு பக்கம் அடித்தும் பார்த்திருக்கிறாள்.

"கண்ணு கூசல தம்பி. சத்தமே இல்ல," என்றாள். பட்டுப்புடவை எடுத்துவிட்டு வந்தபோதுகூட அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

மாமா மணவாளனின் விலைச் சீட்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒப்பிட்டார். கடைசியில் தேறியது அதே பாரிவாக்கம் ஜெயராமன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராமன் அட்வான்ஸ் வாங்க வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மெஷினைத் தூக்க ஆள் வேண்டுமே, என்னையும் மாமா வரச் சொல்லியிருந்தார். அக்கா பீரோவில் சேர்த்து வைத்திருந்த பணத்தை அவரே எடுத்துக் கவரில் போட்டு வைத்திருந்தார்.

"இவர் குடுத்ததுதானே மாமா செத்துப்போச்சு?" என்றேன்.

"நீ சும்மா இரு மச்சான். ரேட்டு யாருது கம்மியோ அவருக்குத்தான் ஆர்டரு."

"இந்த வாட்டி ஒண்ணியும் ஆவாது சார். உள்ள அல்லாம் புச்சு," என்றான் ஜெயராமன்.

அக்கா காபி கொண்டுவந்தாள். "நான் ஒண்ணு பாத்துகினு வந்தேனே. எனக்கு அதான் வேணும்," என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்? பொம்பள ஆசப்பட்டதெல்லாம் வாங்கினா ஊடு உருப்படுமா?"

"குந்திகினு அடிக்கிறது நானு."

"வாங்கறது நானு," என்று மாமா கவரை நீட்டினார்.

அக்கா அவர் கையிலிருந்து கவரை எடுத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கப்பாவும் மூணு மாப்ள பாத்தாரு. ஒருத்தரு வாத்தியாரு, ஒருத்தரு ரயில்வே, மூணாவது நீங்க. உங்க ஊட்லதான் சவரன் கம்மியா கேட்டாங்க. அதான் உங்களுக்குக் கட்டி வெச்சாரு. கம்மி ரேட்டுல எடுத்தா எப்டி இருக்கும்னு எனக்கா தெரியாது?"

ஜெயராமன் காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். கவர்ன்மென்ட் உத்தியோகம் என்பதால் பெண் வீட்டார் தேடி வந்து கொடுத்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் மாமா. அவள் சொன்னது பொய் என்று நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தார். மூன்று வீட்டுக்கும் அப்பாவோடு போய் வந்தவன் நான். எனக்கு அவர்மேல் துளி இரக்கம் வரவில்லை. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அம்பத்தூருக்குப் போலாம், வரியா?" என்று என்னைத்தான் கேட்டாள்.