பதின்மூன்று அமாவாசை அட்டைகள்

காலை ஐந்து நாற்பதுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து மெட்ராஸ் கிளம்பும் பஸ்ஸில், கண்டக்டர் சீட்டுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். உள்ளே ஓட்டை போட்ட அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியவை. கண்டக்டர் ராஜகோபாலின் மனைவி அங்கம்மாள் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் அது.

"இன்னா கண்டக்டரே, ரேஷன் கார்டா?" என்று பயணிகள் கேட்பார்கள்.

"எங்க வூட்டம்மா எழுதனது. மெட்ராஸ்ல மிஷினு படிக்கும்."

"ஏம்பா, உனக்கு எழுதனா நீ படிக்க மாட்டியா?"

ஒரு தடவை சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால் பெட்டி கவிழ்ந்து முந்நூறு அட்டைகள் பஸ்ஸெல்லாம் ஓடின. கீரைக்கூடைக்காரிகள்கூடக் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் வரிசை எண் உண்டு. பூந்தமல்லி வருவதற்குள் ராஜகோபால் டிக்கெட் கட்டு அடுக்குகிற மாதிரி அடுக்கிவிட்டார்.

அங்கம்மாள் ஐயம்பேட்டையில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள். அக்கம்பக்கமெல்லாம் தறி. கணக்கில் பட்டம் வாங்கி, அறுபத்தாறில் மௌண்ட் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அட்டையில் ஓட்டை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பிறர் எழுதிய புரோகிராமை ஓட்டை போட்டுக்கொண்டே, இந்த இடத்தில் தப்பு வரும் என்று சொல்லிவிடுவாள். எழுதியவர்களுக்குக் கோபம் வரும். சாயங்காலம் அதே இடத்தில் தப்பும் வரும். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளையே எழுதச் சொன்னார்கள்.

கல்யாணம் ஆகி, மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். எழுதுவதை விடவில்லை. காஞ்சிபுரத்தில் வீட்டிலிருந்தபடியே யார் கேட்டாலும் எழுதித் தந்தாள். தாளில் எழுதினதை ராஜகோபால் பிராட்வேயில் இறக்குவார். சென்டரில் அவளோடு வேலை பார்த்த மேரி வாங்கிப்போய் அட்டையாக்கி, மிஷின் சும்மா இருக்கும் நேரத்தில் ஓட்டுவாள். மிஷின் அச்சடித்த காகிதமும் அட்டைகளும் மறுநாள் பஸ்ஸில் வரும்; திருத்தம் இருந்தால் அட்டைகள் திரும்பவும் போகும்.

ஒரு நாளைக்கு ஒரே ஓட்டம். ஒரு புள்ளி தவறினால் ஒரு நாள் போயிற்று. அதனால்தான் அங்கம்மாள் இரண்டாவதாக ஒரு புரோகிராம் எழுதினாள். முதல் புரோகிராமைச் சோதிப்பதே அதன் வேலை. நாற்பது கேள்விகளையும் அவள் கையால் போட்ட நாற்பது விடைகளையும் அதற்குக் கொடுத்துவிடுவாள். அது கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கும், விடைகளை ஒப்பிடும், தப்பானதை மட்டும் அச்சடிக்கும். எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு வரி.

ராஜகோபாலுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. காகிதத்தின் கனத்தை வைத்தே சொல்லிவிடுவார். "இன்னிக்கு மெலிசு. பாயசம் வைம்மா."

எழுபத்துநான்கில், வெளிநாட்டுக்குப் பட்டுச்சேலை அனுப்பும் மெட்ராஸ் கம்பெனி ஒன்று அவளைத் தேடி வந்தது. காஞ்சிபுரத்துத் தறிகளில் அவர்கள் சேலை நெய்ய விட்டிருந்தார்கள். தறியில் ஏற்றிய தேதியையும் வேலை நாட்களையும் கொடுத்தால், சேலை கைக்கு வரும் தேதியை மிஷின் சொல்ல வேண்டும். தறி ஓடாத நாட்களை விட்டுவிட வேண்டும். கம்பெனி மேனேஜர் சீனிவாசன் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். பிடித்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு வேலை.

அதே வாரம் பழைய சென்டரும் திரும்பக் கூப்பிட்டது. சம்மதமா இல்லையா என்று ஒன்றாம் தேதிக்குள் எழுத வேண்டும். போனால் மெட்ராஸில் வீடு பார்க்க வேண்டும். ராஜகோபாலுக்கு டெப்போ இங்கே. வாரத்துக்கு ஒரு நாள் மகளைப் பார்க்கிற அப்பாவாகிவிடுவார். போகாமலிருக்க வேண்டுமானால் சீனிவாசனின் வேலை நிலைக்க வேண்டும். இரண்டு பேரும் இதைப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

புரோகிராமை எழுதி முடித்தாள். சோதனையில் ஒரே வரி வந்தது. பாயசமும் வைத்தாள்.

திங்கட்கிழமை காந்தி ரோட்டில் இருந்த கம்பெனிக் கிடங்குக்குச் சீனிவாசன் வந்திருந்தார்.

"மிஸஸ் ராஜகோபால், பதினஞ்சு நாள் வேலை. என் கணக்குப்படி பதினெட்டாம் தேதி வரணும். உங்க மிஷின் பதினாறுன்னு சொல்லுது."

"பதினாறுதான் சார் வரும்."

"நடுவுல ரெண்டு ஞாயித்துக்கிழமை இருக்கே."

ஞாயிறு அங்கம்மாளின் நினைவுக்கே வந்திருக்கவில்லை. தறி ஓடாத நாள் என்றதும் அவள் கை தானாகக் காலண்டரில் அமாவாசைகளைத்தான் குறித்திருந்தது. சின்ன வயதில், சத்தம் இல்லாததாலேயே அமாவாசை அன்று விடியுமுன் விழிப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவில் எந்தத் தறி நின்றது? அவர் ஞாயிறு என்று எழுதவில்லை, அதைப் போய் எழுதுவார்களா என்று. அவள் கேட்கவில்லை, அதைப் போய்க் கேட்பார்களா என்று.

நாற்பது சோதனையும் ஏன் சரியாக வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேள்வி அவளுடையது, விடையும் அவளுடையது.

"இங்க ஞாயித்துக்கிழமை நெய்வாங்க சார். அமாவாசைக்குத்தான் தறி நிக்கும்."

"அப்படி யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை சார். தெரியும்."

"நேரத்துக்கு முன்னாடியே சேலை வந்து விழுது, அவசரத்துல அள்ளித் தெளிக்கிறாங்கன்னு போன மாசம்கூட நெசவாளிங்களைச் சத்தம் போட்டேன். நீங்க என்னடான்னா, தெரியும்ங்கறீங்க."

அவள் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் சேலை வரவுப் பதிவேடு இருந்தது. "போன வருஷத்து நோட்டைக் குடுங்க சார். மிஷினையே கேப்போம்."

"சனிக்கிழமை வரைக்கும் இருப்பேன்" என்றார் அவர்.

போன வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு சேலைகள். ஏற்றிய தேதியும் வந்த தேதியும் நோட்டில் இருந்தன. அங்கம்மாள் இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் தாளில் எழுதினாள். பழைய காலண்டரைத் தேடி, அந்த வருஷத்தின் பதின்மூன்று அமாவாசைக்கும் ஒவ்வோர் அட்டை குறித்தாள். சோதனைப் புரோகிராமையும் மாற்றினாள். இனி விடை அவளுடையதல்ல, நோட்டிலிருந்து வருவது. ஞாயிறு கணக்குப்படி ஒரு பட்டியல், அமாவாசை கணக்குப்படி ஒரு பட்டியல். ஒரு நாள் முன்பின் வந்தால் மன்னிக்கலாம். மீதித் தப்பையெல்லாம் அச்சடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் தாள்கள் போயின. அன்று மேரி மத்தியானம் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

வெள்ளி சாயங்காலம் அங்கம்மாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். ராஜகோபால் இறங்கினார். கக்கத்தில் தலையணை மாதிரி ஒரு கட்டு.

அவள் முகம் வாடியது.

"இரும்மா. இன்னொண்ணு இருக்குது" என்று சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். "எது உன்னுது, எது அந்தாளுது? வழியெல்லாம் அதே யோசனையா வந்துக்கினு இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர்ல ஒருத்தருக்குச் சில்லறைகூடத் தப்பாக் குடுத்துட்டேன்."

அவள் கட்டின் தலைப்பைப் படித்தாள். ஞாயிறு. முந்நூற்று முப்பத்தாறு தப்புகள். மடித்த தாளை அப்புறம்தான் பிரித்தாள். அமாவாசை. பத்தொன்பது.

"பத்தொம்போது எப்படி வந்துச்சு?" என்றாள். சந்தோஷப்படவும் மறந்து பஸ் ஸ்டாண்டிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினேழு சேலைகள் வைகாசியில் தறியில் இருந்தவை. எல்லாம் இரண்டு நாள் தாமதம்.

ராஜகோபால் எட்டிப் பார்த்தார். "வைகாசியா? கருட சேவைம்மா. அன்னிக்கு எவன் தறியில உக்காருவான்? மறுநாளும் வந்த ஜனத்தை பஸ் ஏத்தி அனுப்பவே சரியாப்பூடும். நாங்க எத்தினி ஸ்பெஷல் வுட்டோம்."

"எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

"ஏம்மா, நீயே கங்கைகொண்டான் மண்டபத்துல கும்பல்ல நின்னுக்கினு இருந்த. செருப்பை வேற தொலைச்ச."

மீதி இரண்டும் நெசவாளி முனுசாமியின் தறி. போன வருஷம் அவர் மகள் கல்யாணம். இருவரும் போய்ச் சாப்பிட்டிருந்தார்கள். "இதுக்கெல்லாம் மிஷின்ல அட்டை போட முடியாது" என்று சொல்லிச் சிரித்தாள்.

சனிக்கிழமை சீனிவாசன் தடித்த கட்டைப் புரட்டவேயில்லை. கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். மெல்லிய தாளை இரண்டு முறை படித்தார். கருட சேவைக்கு இனிமேல் இரண்டு அட்டை சேரும், மீதி இரண்டு முனுசாமி வீட்டுக் கல்யாணம் என்று அங்கம்மாள் சொன்னாள்.

"முனுசாமிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். "போன மாசம் அவசரப்படறீங்கன்னு அவரைத்தான் ரொம்பத் திட்டினேன்." பிறகு, மூன்று வருஷம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அங்கம்மாள் பழைய சென்டருக்கு ஒரு கார்டு எழுதினாள். தற்போது வர இயலாது, மன்னிக்கவும். அதைத் தபால் பெட்டியில் போடச் சொல்லி நீட்டினாள்.

ராஜகோபால் அதை வாங்கித் தகரப்பெட்டியில், அட்டைகளுக்கு மேலே வைத்தார்.

"தபால்ல போட்டா ரெண்டு நாள் ஆவும். நானே எடுத்துக்கினு போறேன்."